கோமுகம் படங்களில் எது பனியாற்றின் வேலை, எது ஆற்றின் வேலை?

ஆர்.கே.புரம் ஆசிரியை | வெள்ளி, இரவு 8.40

பதினோராம் வகுப்பில் புவியியல் படிக்கும் தில்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். பெற்றோரும் மலைக்குப் போய்வந்தவர்களும் தாராளமாக எழுதலாம்.

பனியாறு பாடத்தைப் பிள்ளைகள் படிக்கும் முறை எனக்குக் கவலை தருகிறது. சர்க்கு, அரெட்டு, ஹார்ன், யு வடிவப் பள்ளத்தாக்கு, மொரைன், டிரம்லின், எஸ்கர் என்று வரிசையாக ஒப்பிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கமும் தயாராக இருக்கிறது. ஒரு நிழற்படத்தைக் காட்டி, இங்கே என்ன நடந்திருக்கிறது என்று கேட்டால் வாயடைத்துப் போகிறார்கள். கஷ்மீரி கேட்டில் இரவு பஸ் ஏறினால் விடியும்போது ரிஷிகேசத்தில் இறங்கிவிடலாம். இமயமலை இவ்வளவு அருகில் இருக்கும் ஊரில் வளரும் பிள்ளைகள் இந்தப் பாடத்தைச் சொற்பட்டியலாக மட்டும் கற்றுக்கொண்டு போவது பெரிய இழப்பு.

நம் உறுப்பினர் மலைநடை, கங்கோத்திரியிலிருந்து, கங்கோத்திரிப் பனியாற்றின் முனையான கோமுகம் வரை நடந்து எடுத்த படங்களை இங்கே தந்திருக்கிறார். எல்லாப் படங்களுக்கும் கேள்வி ஒன்றுதான்: இதில் எது பனியின் வேலை, எது தண்ணீரின் வேலை?

அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆண்டில் உருகுவதைவிட அதிகமாகப் பனி பெய்யும் உயரங்களில் அது சேர்ந்துகொண்டே போகிறது. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. மேலே மேலே விழும் பனியின் கனத்தில் காற்று வெளியேறி, முதலில் குருணையான ஃபிர்ன் ஆகிறது. பிறகு நீலம் பாய்ந்த கெட்டிப் பனிக்கட்டியாகிறது. சில பத்து மீட்டர் தடிமன் வந்ததும் தன் எடையாலேயே நெகிழ்ந்து சரிவில் இறங்கத் தொடங்குகிறது. அடியில் உருகுநீர் இருந்தால் பாறைமேல் வழுக்கியும் நகரும். இந்த இரண்டு நகர்வையும் மனதில் வைத்துக்கொண்டு படங்களைப் பாருங்கள்.

பதினொன்று பி மாணவி | வெள்ளி, இரவு 9.05

மேடம், படத்துக்குப் போவதற்கு முன்பு ஒரு சந்தேகம். மோ கடினத்தன்மை அளவுகோலில் பனிக்கட்டிக்கு இரண்டுக்கும் குறைவான எண்தான் வருகிறது. கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸுக்கு 7. மென்மையான பொருள் கடினமான பாறையை எப்படி வெட்டும்? பாடநூலில் "பனியாறு அரிக்கிறது" என்று மட்டும் இருக்கிறது.

மலைநடை | வெள்ளி, இரவு 9.50

வெட்டுவது, பனி பிடித்து வைத்திருக்கும் கல், தங்கையே. பனியாற்றின் அடியில் கல்லும் மணலும் உறைந்து ஒட்டியிருக்கும். மேலே நூறு, இருநூறு மீட்டர் பனியின் பாரம். தச்சர் உப்புத்தாளால் பலகையை இழைப்பது போல அந்தக் கற்கள் அடிப்பாறையை இழைத்துக்கொண்டே போகின்றன. பாறை வழவழப்பாகும், அதன்மேல் ஒரே திசையில் இணைகோடுகளாகக் கீறல்கள் விழும். அரைபட்ட பாறை மிக நுண்ணிய தூளாகி உருகுநீரில் கலந்துவிடும். கோமுகத்தில் பாகீரதி சாம்பல் கலந்த வெள்ளையாக ஓடுவதற்கு அந்தத் தூள்தான் காரணம்.

இது தேய்த்தல். இன்னொரு வேலை பறித்தல். வழியில் ஒரு பாறைமேடு இருந்தால், பனி மோதி ஏறும் பக்கத்தில் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பனிக்கட்டி சற்றுக் குறைந்த வெப்பநிலையிலேயே உருகும். அந்த நீர் மேட்டின் மறுபக்கத்துக்குப் போய், அழுத்தம் குறைந்த இடத்தில் பாறை விரிசலுக்குள் மறுபடி உறைகிறது. பனியாறு நகரும்போது விரிசல் விட்ட துண்டுகளைப் பெயர்த்து இழுத்துச் செல்கிறது. எனவே மேட்டின் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் படிப்படியாக உடைந்தும் இருக்கும். அப்படி ஒரு பாறையைப் பார்த்தால், பனி எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது என்று சொல்லிவிடலாம்.

இதை வைத்து முதல் படத்தைப் பாருங்கள். கங்கோத்திரியில் சூரிய குண்டம் அருகே எடுத்தது. பாறை பளபளவென்று இருக்கிறது, ஆனால் அது பனியின் மெருகு அல்ல. வளைவுகளும் குடைந்த குழிகளும் தெரிகின்றனவா? சுழலும் நீர் கூழாங்கற்களை உருட்டி உருட்டிக் குடைந்தவை அவை. நேர்கோட்டுக் கீறல் ஒன்றுகூட இல்லை. அந்தக் குறுகிய பிளவு முழுவதும் பாகீரதியின் வேலை.

மயூர் விகார் தந்தை | வெள்ளி, இரவு 10.30

என் மகனும் பதினொன்றில்தான் படிக்கிறான். இரண்டாவது படம் சுலபம் என்று தோன்றுகிறது. சீர்பாசாவுக்கு மேலே பள்ளத்தாக்கு அகலமாக, தட்டையான தரையோடு, இருபுறமும் செங்குத்துச் சுவரோடு இருக்கிறது. யு வடிவம். ஆறு வெட்டினால் வி, பனியாறு வெட்டினால் யு. இதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது, மேடம்?

ஓய்வுபெற்ற பொறியாளர், ஜனக்புரி | சனி, காலை 7.15

ஐயா, விடை சரி. காரணம் மட்டும் போதாது. நான் பணிக்காலம் முழுவதும் இமயமலையில் நீர்மின் திட்டங்களுக்கான இட ஆய்வில் இருந்தவன். வடிவத்தை மட்டும் நம்பி யாரும் அங்கே அடித்தளம் போடமாட்டார்கள்.

முதலில், யு ஏன் வருகிறது என்று பார்ப்போம். ஆறு தன் படுக்கையின் அடியை மட்டுமே அறுக்கிறது. பக்கச் சரிவுகள் மழையிலும் மண்சரிவிலும் தாமாக விழுந்து சாய்கின்றன. அதனால் வி. பனியாறு பள்ளத்தாக்கையே நிரப்பிக்கொண்டு நகர்வதால் அடியையும் சுவர்களையும் சேர்த்து அரிக்கிறது. சுவரின் கால் அகன்று, குறுக்கே நீட்டிக்கொண்டிருந்த மலைமுனைகள் வெட்டுண்டு போகின்றன. பெரிய பனியாறு ஆழமாகத் தோண்டும். அதில் வந்து சேரும் சிறிய கிளைப் பனியாறு அவ்வளவு ஆழம் தோண்டாது. பனி போன பிறகு கிளைப் பள்ளத்தாக்கின் வாய் உயரத்தில் தொங்கி நிற்கும், அதிலிருந்து அருவி விழும். இந்த நான்கும் ஒன்றாக இருந்தால் பனியாறு என்று தைரியமாகச் சொல்லலாம்.

தட்டையான தரை மட்டும் இருந்தால்? மண்சரிவு ஆற்றை மறித்து ஏரியாக்கி, அந்த ஏரி வண்டலால் நிரம்பினாலும் தரை தட்டையாகத்தான் இருக்கும். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கை எல்லாப் பாடநூலும் யு வடிவத்துக்கு உதாரணமாகக் காட்டும். அங்கே கண்ணுக்குத் தெரியும் சமதரை, பனி வெட்டிய பாறைத்தரை அல்ல. பனி விலகிய பிறகு ஏரியும் ஆறும் நிரப்பிய வண்டல் அது. பாறைத்தரை ஆழமான இடங்களில் ஏறக்குறைய 600 மீட்டர் கீழே கிடக்கிறது. பள்ளத்தைத் தோண்டியது பனி. தரையைப் போட்டது தண்ணீர். ஒரே படத்தில் இரண்டு வேலை.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது: வடிவத்தைப் பார்த்த பிறகு மண்ணைப் பாருங்கள். ஓடும் நீர் எதையும் தரம் பிரித்தே போடும். வேகம் குறையும்போது முதலில் பெரிய கல், பிறகு சரளை, பிறகு மணல், கடைசியில் வண்டல். உருண்டு வருவதால் கல்லின் முனைகளும் மழுங்கியிருக்கும். பனிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. வீட்டளவு பாறையும் நுண்தூளும் சேர்ந்தே பயணம் செய்யும், உருகும் இடத்தில் சேர்ந்தே விழும். கல்லின் முனைகள் கூராகவும், சில முகங்கள் தேய்ந்து கீறல்பட்டும் இருக்கும். சாலை போட மலையை வெட்டிய முகப்பில் இப்படித் தாறுமாறான கலவையைப் பார்த்தால் மொரைன் என்று சந்தேகப்படலாம். மண்சரிவும் கலந்துதான் போடும் என்பதால், கீறல்பட்ட கல் கிடைக்கிறதா என்று தேடிய பிறகே உறுதி சொல்வோம்.

ஆர்.கே.புரம் ஆசிரியை | சனி, காலை 9.20

மிக்க நன்றி, சார். இந்தக் கடைசிப் பத்தியை என் வகுப்பில் அப்படியே வாசிக்கப்போகிறேன். பிள்ளைகளே, விடைத்தாளில் "மொரைன் என்பது பனியாறு படியவைத்த பொருள்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். "தரம் பிரியாத, முனை மழுங்காத" என்ற இரண்டு சொற்றொடர்களைச் சேர்த்து, ஏன் அப்படி என்று ஒரு வரி எழுதுங்கள். திருத்துபவருக்கு நீங்கள் புரிந்துகொண்டது தெரியும்.

பதினொன்று பி மாணவி | சனி, பகல் 12.40

மேடம், பனியாறு பின்வாங்குகிறது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். கங்கோத்திரியும் பின்வாங்குகிறதாம். அப்படியென்றால் பனி மலைமேல் திரும்பிப் போகிறதா? பின்னோக்கிப் போகும் பனி எப்படி முனை மொரைனை முன்னால் குவிக்கும்?

ஆர்.கே.புரம் ஆசிரியை | சனி, பகல் 1.30

பனி ஒருபோதும் மேலே திரும்பாது, கண்ணு. அது எப்போதும் கீழ்நோக்கித்தான் நகர்கிறது. பின்வாங்குவது அதன் முனை மட்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார். பனி ஆண்டுக்கு 20 மீட்டர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள். அதே ஆண்டில் முனையில் 40 மீட்டர் நீளத்துக்கு உருகிவிட்டால், முனை 20 மீட்டர் மேலே போய்விட்டதாகத் தெரியும். பனி முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது. உருகுவது அதை முந்திவிடுகிறது. இறங்குவதும் உருகுவதும் சமமானால் முனை ஒரே இடத்தில் நிற்கும். அப்படி நெடுங்காலம் நிற்கும் இடத்தில், பனி கொண்டுவந்து கொண்டுவந்து இறக்கும் கல்லும் மண்ணும் வளைந்த மேடாகக் குவிகின்றன. அதுவே முனை மொரைன். ஒரு பள்ளத்தாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக இப்படிப் பல மேடுகள் இருந்தால், ஒவ்வொன்றும் பனியாற்றின் முனை ஒரு காலத்தில் தங்கிய இடம்.

கங்கோத்திரிப் பனியாறு இப்போது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம். அதன் முனையை 1935-இல் இந்தியப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜே.பி. ஆடன் வரைபடமாக்கினார். அதிலிருந்து கணக்கு இருக்கிறது: இருபதாம் நூற்றாண்டின் மீதிக் காலத்தில் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் அளவில் முனை பின்வாங்கியிருக்கிறது. அதற்கும் முந்தைய கதை மொரைன்களில் இருக்கிறது. சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன்பு இதே பனியாறு இன்றைய முனையிலிருந்து 40 கிலோமீட்டர் கீழே, ஹர்சிலைத் தாண்டி ஜாலா வரை நீண்டிருந்தது. ஹர்சிலில் பள்ளத்தாக்கு ஏன் அவ்வளவு விரிந்து கிடக்கிறது என்று போய்வந்தவர்கள் வியந்திருப்பீர்கள். பனி அங்கே வெகுகாலம் படுத்திருந்த இடம் அது.

மயூர் விகார் தந்தை | சனி, மாலை 5.10

மூன்றாவது படத்தில் கோமுகம் வெள்ளையாகவே இல்லை. கல்லும் மண்ணும் மூடிய ஒரு பழுப்புச் சுவர் தெரிகிறது, அடியில் ஒரு குகை. இதைப் பனியாறு என்று சொன்னால் என் மகன் நம்பமாட்டேன் என்கிறான்.

மலைநடை | சனி, மாலை 6.00

அந்தச் சுவரில் உடைந்த இடங்களில் நீலப் பனி தெரியும், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இமயமலைப் பனியாறுகள் பலவற்றின் கீழ்ப்பகுதி இப்படித்தான் இருக்கும். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். அவற்றிலிருந்து ஓயாமல் கல் விழுகிறது. மேற்பகுதியில் விழுந்தவை பனிக்குள் புதைந்து, கீழே பனி உருக உருக வெளியே வந்து மேலே தங்கிவிடுகின்றன. மெல்லிய தூசு படிந்தால் வெயிலை உறிஞ்சி உருகுதல் வேகமாகும். கல்லும் மண்ணும் தடிமனாக மூடினால் வெப்பம் உள்ளே போகாமல் உருகுதல் மெதுவாகும். ஒரே பனியாற்றில் இரண்டும் நடக்கும்.

கோமுகத்துக்கு மேலே தபோவனத்தில் எடுத்தது ஐந்தாவது படம். அதில் சிவலிங்கம் சிகரம், 6,543 மீட்டர். அந்தக் கூர்மை எப்படி வந்தது என்பதையும் பிள்ளைகள் யோசிக்க வேண்டும். மலையின் ஒரு பக்கத்தில் பனி தேங்கி, பின்சுவரைப் பறித்து, அடியைக் குடைந்து, சாய்வு நாற்காலி வடிவில் ஒரு குழி உண்டாகிறது. அதுதான் சர்க்கு. அடுத்த பக்கத்தில் இன்னொன்று. இரண்டு சர்க்குகள் முதுகோடு முதுகாக நெருங்கினால் நடுவில் மிஞ்சுவது கத்தி விளிம்பான அரெட்டு. மூன்று, நான்கு பக்கங்களிலிருந்தும் குடைந்தால் நடுவில் மிஞ்சுவது ஹார்ன். மூன்று சொற்களையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யவே தேவையில்லை. ஒரே வேலையின் மூன்று கட்டங்கள் அவை.

துவாரகா இல்லத்தரசி | சனி, இரவு 8.15

நான் புவியியல் படித்தவள் இல்லை. 2013-இல் கேதார்நாத்தில் நடந்தது இந்தப் பாடத்தில் எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எங்கள் குடியிருப்பிலிருந்து போனவர்கள் தப்பி வந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் வந்து நின்ற பெரும்பாறையைப் பனியாறு கொண்டுவந்ததா?

ஓய்வுபெற்ற பொறியாளர், ஜனக்புரி | சனி, இரவு 9.40

அம்மா, நீங்கள் கேட்டது இந்தப் பாடத்தின் நடுவிலேயே வருகிறது.

கேதார்நாத்துக்கு மேலே சோராபாரிப் பனியாறு. அது முன்பு கீழே வரை நீண்டிருந்தபோது இருபுறமும் பக்க மொரைன்களை உயரமாகக் குவித்துவிட்டுச் சுருங்கியது. உருகுநீர் அந்தக் கல்லையும் மணலையும் வாரிக் கீழே பரப்பியது. அப்படிப் பரவிய சமதரையில்தான் கோயிலும் ஊரும் இருக்கின்றன. பக்க மொரைனுக்குப் பின்னால் மழைநீரும் பனிநீரும் தேங்கி ஒரு சிறு ஏரி இருந்தது. சோராபாரி ஏரி, காந்தி சரோவர் என்றும் சொல்வார்கள். 2013 ஜூன் நடுவில் பெருமழை விடாமல் பெய்தது, பனியும் உருகியது. ஜூன் 17 காலை ஏரி மொரைனை உடைத்துக்கொண்டு இறங்கியது.

மொரைன் என்பது சிமென்ட் போட்டுக் கட்டிய கரை அல்ல. இடையில் பிணைப்பு இல்லாத கல், மணல், தூள். சில இடங்களில் உள்ளே பழைய பனிக்கட்டியும் புதைந்திருக்கும். அது உருகினால் உள்ளே வெற்றிடம் விழும். தண்ணீர் ஓரிடத்தில் வழிந்து அறுக்கத் தொடங்கினால், அறுத்த வாயே பெரிதாகி முழு ஏரியும் வெளியேறிவிடும். உங்கள் கேள்விக்கு விடை இதுதான்: மலையிலிருந்து அந்தக் கற்களைப் பெயர்த்துச் சேர்த்து வைத்தது பனி. 2013-இல் அவற்றை ஊருக்குள் உருட்டியது வெள்ளம்.

2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி உடைந்து, தீஸ்தாவில் சுங்தாங் அணை அடித்துச் செல்லப்பட்டதும் மொரைன் ஏரியால் வந்த வெள்ளமே. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் நடந்தது வேறு வகை. ரோண்டி சிகரத்தின் சரிவிலிருந்து பாறையும் பனியும் சேர்ந்து பெயர்ந்து விழுந்தது அது. பனியாறு வெடித்தது என்று பல செய்திகள் அப்போது எழுதின. அங்கே ஏரியும் இல்லை, வெடிப்பும் இல்லை. மாணவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் எச்சரிக்கை செய்யும் முறையே இரண்டுக்கும் வேறு. ஏரியின் மட்டத்தை அளந்து கண்காணிக்கலாம், குழாய் வைத்து நீரைக் குறைக்கலாம். உயரத்தில் பாறை எந்த நாளில் பெயரும் என்று கணிப்பது மிகக் கடினம்.

பனி போய்விட்ட நிலம் வேலை முடிந்த நிலம் அல்ல. அது குவித்துவிட்டுப் போனதை ஆறும் மழையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு அள்ளிக்கொண்டே இருக்கும். எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்ற கேள்விக்கு மொரைன் வரைபடம் இல்லாமல் பதில் சொல்வது குற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

துவாரகா இல்லத்தரசி | சனி, இரவு 10.05

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. என் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். ரிட்ஜ் காட்டில் உருண்டை உருண்டையாகப் பாறைகள் கிடக்கின்றனவே, தில்லிக்கும் பனியாறு வந்ததா என்று அவள் கேட்கிறாள்.

மலைநடை | ஞாயிறு, காலை 8.30

கடந்த பனியுகத்தில் தில்லி வரை பனி வரவில்லை. ரிட்ஜ் ஆரவல்லியின் முனை, மிகப் பழைய குவார்ட்சைட் பாறை. வெயிலும் மழையும் விரிசல் வழியே இறங்கி முனைகளை உதிர்த்ததால் உருண்டையானது. கீறலும் இல்லை, மொரைனும் இல்லை.

பேத்தியிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா கோண்டுவானா கண்டத்தின் பகுதியாகத் தென்துருவத்துக்கு அருகில் இருந்தது. அப்போதைய பனி போட்ட கல்படுகைகள் ஒடிசாவின் தால்சேரில் இருக்கின்றன. 1856-லேயே பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் அவற்றைப் பனியின் வேலை என்று அடையாளம் கண்டார்கள். வெயில் கொளுத்தும் தால்சேரில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! தில்லிக்கு அருகில் பார்க்க வேண்டுமானால் ராஜஸ்தானில் பாப் என்ற ஊரில் அதே காலத்துக் கல்படுகை இருக்கிறது.

மயூர் விகார் தந்தை | ஞாயிறு, காலை 10.00

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? ஊரில் இருக்கும் என் அண்ணன் மகளும் இதே பாடம் படிக்கிறாள்.

ஆர்.கே.புரம் ஆசிரியை | ஞாயிறு, காலை 11.15

நேரடியாகப் பனி செதுக்கவில்லை. கடல் வழியாக வந்து தொட்டது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கனடாவும் வட ஐரோப்பாவும் பனித்தகட்டின் கீழ் இருந்தன. அவ்வளவு நீர் நிலத்தின்மேல் பனியாக நின்றதால் உலகெங்கும் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை மிக ஆழம் குறைந்த கடல். அன்று அது தரை. தமிழகத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகியதும் கடல் ஏறி மூடியது. அண்ணன் மகளிடம் சொல்லுங்கள், ராமேசுவரம் தீவாக நிற்பதற்கும் கனடாவில் உருகிய பனிக்கும் கணக்கு உண்டு.

பதினொன்று பி மாணவி | ஞாயிறு, பிற்பகல் 3.20

மேடம், எல்லாப் படத்திலும் தேடினேன். டிரம்லினும் எஸ்கரும் எங்குமே இல்லை. தேர்வில் அவையும் வருமே?

ஆர்.கே.புரம் ஆசிரியை | ஞாயிறு, மாலை 4.45

கோமுகத்தில் தேடினால் கிடைக்காது. சமவெளியில் பரந்து கிடந்த பெரிய பனித்தகடுகள் விட்டுச்சென்ற வடிவங்கள் அவை. அயர்லாந்து, பின்லாந்து, கனடா ஆகிய நாடுகளில் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. டிரம்லின் என்பது பனியின் அடியில் நீள்வட்டமாக உருவான மேடு. பனி வந்த பக்கம் மொத்தையாக, போன பக்கம் வால்போல் மெலிந்து இருக்கும்.

எஸ்கரில்தான் நம் கேள்வி மிகவும் சுவையாகிறது. பனிக்கு அடியில் சுரங்கம் குடைந்து ஓடிய ஆறு, அந்தச் சுரங்கத்துக்குள் மணலையும் சரளையையும் போட்டுக்கொண்டே போனது. பனி உருகியதும் அந்த ஆற்றுப்படுகை, வளைந்து வளைந்து செல்லும் நீண்ட கரையாக நிலத்தின்மேல் நின்றுவிட்டது. உள்ளே மண் எப்படி இருக்கும் என்று நீயே சொல், பார்க்கலாம்.

பதினொன்று பி மாணவி | ஞாயிறு, மாலை 5.00

தண்ணீர் போட்டதால் தரம் பிரிந்து, அடுக்கடுக்காக இருக்கும். கற்களும் மழுங்கியிருக்கும். பனிக்கு அடியில் பிறந்திருந்தாலும் அது ஆற்றின் வேலை.

நான்காவது, ஆறாவது படங்களுக்கும் எழுதிவிட்டேன், மேடம். நான்காவது: பனியாற்றின் ஓரத்தில் நீளமாக ஓடும் கூரான கல்மேடு, பக்க மொரைன், பனியின் வேலை. ஆறாவது: போஜ்பாசா அருகே ஆற்றங்கரையில் பரவிக் கிடக்கும் சரளைத் தரை, உருகுநீரின் வேலை.

ஆர்.கே.புரம் ஆசிரியை | ஞாயிறு, மாலை 5.40

இரண்டும் சரி. நான்காவது படத்தில் இன்னொரு குறி சேர்த்துவிடு. அந்த மேட்டின் உச்சிக்கும் இப்போதைய பனியின் மேற்பரப்புக்கும் இடையே பெரிய இறக்கம் தெரிகிறது அல்லவா? மொரைன் குவிந்த காலத்தில் பனி அந்த உச்சி வரை நிறைந்திருந்தது. எனவே அந்த இடைவெளியை அம்புக்குறி போட்டுக் காட்டி, பனியாறு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பக்கத்தில் எழுது. பின்வாங்கிய நீளத்தை மட்டும் எழுதுபவர்கள் பலர். தடிமன் குறைந்ததையும் படத்திலிருந்தே படித்துச் சொன்னால் முழு விடை. திங்கட்கிழமை வகுப்புக்கு அச்செடுத்துக் கொண்டுவா.